டிராக்டர் குண்டு ஜீப்பைத் தாங்குமா?

டிராக்டர் உதிரிபாகக் கடையில் டாப் லிங்க் முனை என்று கேட்டால், கடைக்காரர் எடுத்து மேசையில் வைக்கும் பொருள் கையில் நன்றாகவே கனக்கும். தடித்த இரும்பு வளையம். அதற்குள், நடுவில் துளையிட்ட எஃகுக் குண்டு ஒன்று வெளியே வர முடியாதபடி அடைபட்டிருக்கும். விரலால் தள்ளினால் எல்லாப் பக்கமும் சாயும். காதருகே வைத்துக் குலுக்கினால் லொட லொடவென்று சத்தம் வரும். புத்தம் புதிய முனையிலும் அந்தச் சத்தம் உண்டு. அது தயாரிப்புக் குறை அல்ல, வேண்டுமென்றே விட்ட இடைவெளி.

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் பழைய ஜீப்பை அக்கக்காகப் பிரித்து, பாறை ஏறுவதற்கென்று புது சஸ்பென்ஷன் கட்டுபவர்களில் சிலர் இந்தக் குண்டைத்தான் வாங்கிப் போகிறார்கள். காரணம் காசுதான். பந்தய வண்டிக்கென்று செய்யப்படும் நல்ல ஜாயின்ட் ஒன்றின் விலைக்கு டிராக்டர் முனைகள் பல வாங்கிவிடலாம். ஒரு வண்டிக்கு எட்டு முனையாவது தேவைப்படும் என்பதால் மிச்சமாகும் தொகை சிறியதல்ல. ‘ஏர் இழுக்கிற சாமான், ஜீப்பைத் தாங்காதா?’ என்பது அவர்கள் வாதம். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. பாதி சரி, மீதிப் பாதியில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

முதலில், சஸ்பென்ஷனில் இப்படி ஒரு குண்டுக்கு என்ன வேலை? பழைய ஜீப்பில் ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்குகள் தாங்கும். எடையைச் சுமப்பதும் ஆக்சில் முன்னே பின்னே நகராமல் பிடிப்பதும் பட்டையின் பொறுப்பே. காயில் ஸ்பிரிங்குக்கு மாறினால், அது எடையை மட்டும்தான் சுமக்கும். ஆக்சிலைப் பிடித்து நிறுத்த சேசிஸிலிருந்து மூன்றோ நான்கோ ராடுகள் வேண்டும். ஒரு சக்கரம் பாறை மேல் 20 செ.மீ. ஏறி, எதிர்ச் சக்கரம் பள்ளத்தில் 20 செ.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் தூரம் இருந்தால், ஆக்சில் சுமார் 17 டிகிரி சாய்கிறது. ஆக்சிலோடு சேர்ந்து ஒவ்வொரு ராடின் முனையும் முறுக வேண்டும். ரப்பர் புஷ் கொஞ்சம்தான் முறுகும். அதற்கு மேல் போனால் கிழியும், அல்லது முரண்டு பிடித்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். குண்டு வைத்த முனைக்கு இந்தத் தகராறு இல்லை.

இதற்கென்றே உள்ள ஜாயின்டை அமெரிக்கர்கள் ஹீம் ஜாயின்ட் என்பார்கள், பிரிட்டனில் ரோஸ் ஜாயின்ட். விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் வளர்ந்து பந்தயக் கார்களுக்கு வந்த பொருள் அது. நல்ல ரகத்தில் குண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே டெஃப்லான் உறை இருக்கும். விரலால் அசைக்கப் பார்த்தால் அசையாது, கருவி போட்டுத்தான் திருப்ப வேண்டும். அந்த இறுக்கத்துக்குத்தான் விலை.

டிராக்டர் குண்டின் கதை வேறு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் 1926-இல் மும்முனை இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் கலப்பையை டிராக்டரோடு பிணைக்கும் ஏற்பாடு. 1938-இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார்கள், எழுத்தில் எதுவும் இல்லாமல். மறு ஆண்டே ஃபோர்டு 9என் டிராக்டர் இந்த ஏற்பாட்டோடு வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. சென்னையின் டஃபே நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தயாரிக்கும் டிராக்டர்கள் மாஸி ஃபெர்குசன் என்று அவர் பெயரைத் தாங்கித்தான் வயலில் இறங்குகின்றன. அளவுகளும் பொதுவாக்கப்பட்டுவிட்டன. முதல் வகை இணைப்பில் மேல் பின் 19 மி.மீ., கீழ் பின் 22 மி.மீ.; இரண்டாம் வகையில் 25 மி.மீ. சொச்சமும் 28 மி.மீ. சொச்சமும். எந்த ஊர் விவசாயியும் எந்தக் கம்பெனி கலப்பையையும் மாட்டலாம். பெருமளவில் அடித்துத் தள்ளப்படுவதால்தான் இந்தக் குண்டு இவ்வளவு மலிவு.

வயலில் அந்த லொடலொடப்பு ஒரு வரம். ஓட்டுநர் டிராக்டரைப் பின்னால் எடுத்துக் கலப்பையோடு சேர்க்கும்போது ஓட்டைகள் சரியாக நேர்கோட்டில் வராது. தளர்வு இருந்தால்தான் ஒற்றை ஆளாகக் குண்டை முன்னே பின்னே திருப்பி, பின்னைச் செருகிப் பூட்ட முடியும். சேறு உள்ளே போனாலும் அடைத்துக்கொள்ளாமல் வெளியே வந்துவிடும். உழும்போது கலப்பை பக்கவாட்டில் சற்று நெளிவதும் நல்லதே. மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பு பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கும். குண்டு கூட்டின் ஒரு பக்கத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருக்கும். இடைவெளி இருப்பதே தெரியாது.

இப்போது ஜீப்புக்கு வருவோம். 1,500 கிலோ வண்டி பலமாக பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தரையில் சுமார் 750 கிலோ விசையை வாங்குகின்றன. அந்த விசை விழுவது தரை மட்டத்தில். ராடுகள் இருப்பதோ அதற்கு மேலே. கீழ் ராடுகள் தரையிலிருந்து 33 செ.மீ. உயரத்திலும், மேல் ராடு அதற்கு மேல் 20 செ.மீ. தள்ளியும் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி மேல் ராடு தாங்க வேண்டியது ஏறக்குறைய 1,240 கிலோ. கீழ் ராடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டன் அளவு வரும். 40 குதிரைத்திறன் டிராக்டரின் பின்கைகள் ஒன்றரை டன் வரை தூக்குவது வழக்கமானதுதான் என்பதால், வெறும் பலத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குண்டு தேர்ச்சி பெற்றுவிடும். கொட்டகைக்காரர்களின் வாதம் இங்கே வரை சரி.

கோளாறு விசையின் அளவில் இல்லை. விசை திசை மாறுவதில் இருக்கிறது. பிரேக் பிடித்தால் ராடை ஒரு பக்கம் தள்ளும், ஆக்சிலேட்டரை மிதித்தால் மறுபக்கம் இழுக்கும், குழியில் விழுந்தால் திரும்பவும் தள்ளும். ஒவ்வொரு முறையும் குண்டு இடைவெளியைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் மோதுகிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர், தள்ளும் விசை ஒரு டன் என்றால் அந்த மோதலின் ஆற்றல் சுமார் 10 ஜூல். ஒரு கிலோ சுத்தியல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரும் அடி அது. ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஆக்சில் இயல்பாகத் துள்ளுவது வினாடிக்குச் சுமார் 10 முறை. எல்லாத் துள்ளலும் முழு அடியாகிவிடாது; ஆனால் மோசமான சாலையில் ஒரு மணி நேரம் போனாலே அடிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அடி விழ விழ இடைவெளி பெரிதாகும், இடைவெளி பெரிதாகப் பெரிதாக அடியும் பலக்கும். குண்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால், எஃகும் எஃகும் உரசித் தேய்ந்து துருவாகிக் கொட்டுகிறது என்று பொருள். அந்தத் தூளே அடுத்த சுற்றில் உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

ஒரே அடியில் உடையாத உலோகம் ஆயிரம் சிறு அடிகளில் உடையும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் அவுகுஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரயில் அச்சுகளை வைத்துச் சோதித்துக் காட்டினார். வெல்டிங் செய்யும் முனைகளில் இந்தக் கவலை இரட்டிப்பு. கார்பன் கூடுதலாக உள்ள எஃகை முன்கூட்டியே சூடாக்காமல் பற்றவைத்து வேகமாக ஆறவிட்டால் பற்றின் ஓரத்தில் உலோகம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெறும். வெளியே பற்று அழகாகத் தெரியும், விரிசல் உள்ளே ஓடும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான இடம் பான்ஹார்ட் ராடு. ஆக்சில் இடம் வலமாக நகராமல் பிடிப்பது இதுதான். ஸ்டியரிங் ராடும் இதுவும் ஒன்றோடொன்று ஒத்துப் போக வேண்டும். இங்கே கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு வேகத்தில் திடீரென்று படபடவென்று உதறத் தொடங்கும். ஜீப்காரர்கள் டெத் வாபிள் என்று பயந்து பேசுவது இதைத்தான். உதறல் பிடித்துவிட்டால் வண்டியை மெதுவாக்குவதைத் தவிர வழியே இல்லை. பான்ஹார்ட் ராடிலும் ஸ்டியரிங்கிலும் டிராக்டர் முனை கூடவே கூடாது என்பேன். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

குண்டு என்ற அமைப்பின் மேல் பழி போடவும் முடியாது. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரின் பின் ஆக்சிலை மேலே பிடித்திருந்தது ‘ஏ’ வடிவச் சட்டத்தின் நுனியில் இருந்த ஒரு பந்து ஜாயின்ட்தான். நெடுஞ்சாலையிலும் காட்டிலும் அது ஓடியது. ஆனால் அந்த ஜாயின்ட் ஆட்டமில்லாமல் பொருத்தப்பட்டது. தூசி புகாதபடி மூடியும் இருந்தது.

எங்கேதான் டிராக்டர் குண்டு பொருந்தும்? நடைவேகத்தில் பாறை மேல் ஊரும் வண்டியில், கீழ் ராடுகளின் முனையில். அங்கே வேகம் குறைவு, திசைமாற்றமும் மெதுவாக நடக்கும், சாய்வு மட்டும் அதிகம். கிட்டத்தட்ட வயலின் நிலைமை. கலிஃபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் 2007 முதல் நடக்கும் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தயம் இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் காட்டிவிடும். ஒரே வண்டி பாலைவன மணலில் அசுர வேகத்தில் பறக்கவும் வேண்டும், பாறை இடுக்கில் ஆமை போல ஏறவும் வேண்டும். பாறைப் பகுதியைச் சமாளிக்கும் மலிவு முனை பாலைவனப் பகுதியில் சுத்தியலாகிவிடும்.

அப்படிப் பாறைக்கு மட்டும் பயன்படுத்துபவர்களுக்குச் சில வேலைகள் கட்டாயம். போல்டை இரண்டு பக்கமும் தகடு பிடிக்க வேண்டும். ஒற்றைத் தகட்டில் தொங்கவிடக் கூடாது. குண்டை விடப் பெரிய வாஷரை இரு பக்கமும் போட வேண்டும். கூடு பிளந்தாலும் ராடு கழன்று ஓடாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் வந்த முனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கிரீஸ் அடித்துச் சமாளிக்கப் பார்ப்பது வீண். கிரீஸ் உரசலைக் குறைக்கும், விழுந்த இடைவெளியை அடைக்காது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு வரம்பும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே பட்டறையில் ராடு வெட்டி, குண்டு பற்றவைத்துக் கட்டிய ஜீப்பைத் தனியார் நிலத்துக்கோ பந்தயத் தளத்துக்கோ லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.