வயல் சேற்றில் கொப்பளிக்கும் வாயுவை அளப்பது எப்படித் தெரியுமா?

கருங்குழிப் பக்கம் நடவு முடிந்த வயலில் கால் வைத்ததும் சேற்றுக்குள்ளிருந்து குபுகுபுவென்று குமிழ்கள் கிளம்புகின்றனவே, அவற்றுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? மீத்தேன்! தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு இது. இன்னும் பெரிய ஆச்சரியம்: வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனில் பெரும்பகுதி குமிழாக வருவதே இல்லை. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக, புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறி வானத்துக்குப் போகிறது!

காற்றில் மீத்தேன் இருப்பதே 1948 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பெல்ஜிய விஞ்ஞானி மார்செல் மிஜியோட், தரையில் நின்றபடி சூரிய ஒளியைப் பகுத்துப் பார்த்தார். ஒளியின் சில அகச்சிவப்பு நிறங்கள் வழியிலேயே காணாமல் போயிருந்தன. விழுங்கியது மீத்தேன்! இன்று நூறு கோடி காற்று மூலக்கூறுகளில் சுமார் 1,920 மீத்தேன். தொழிற்புரட்சிக்கு முன் 730-க்கும் குறைவு. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு இது என்பதால்தான் இத்தனை கவலை.

சரி, வயலில் எப்படி அளக்கிறார்கள்? கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் பெட்டிதான் கருவி! அலுமினிய அடிச்சட்டத்தைச் சேற்றில் அழுத்தி, அதன் காடியில் தண்ணீர் ஊற்றி, பயிர்க் குத்துகளை அப்படியே மூடும்படி பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். தண்ணீர் காற்றைக் கசிய விடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசி சிரிஞ்சால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மீத்தேன் எவ்வளவு வேகத்தில் கூடியிருக்கிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

இந்த எளிய பெட்டி ஒரு நாட்டின் மேல் விழுந்த பழியையே துடைத்தது தெரியுமா? இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. அமெரிக்க, ஐரோப்பிய வயல்களில் எடுத்த அளவை நம் நிலத்தின் மேல் ஏற்றிப் போட்ட கணக்கு! 1991-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி.மித்ரா முன்னின்று நடத்த, பல மாநில வயல்களில் பெட்டிகள் இறங்கின. கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! மானாவாரி நிலத்திலும் மேட்டு நிலத்திலும் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லை என்பதை, சேற்றில் இறங்கியவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். என்னைக் கேட்டால், நம் அறிவியல் வரலாற்றில் பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சி இது.

தமிழ்நாட்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆர்.ரமேஷ், ஆர்.பூர்வஜா குழுவினர் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அளந்து, அங்குள்ள மூச்சுவேர்கள் வழியாகவும் மீத்தேன் வெளியேறுவதைக் கண்டார்கள். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பை மேடுகளும் அளக்கப்பட்டிருக்கின்றன.

இனி கருங்குழியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரிக்கு வாருங்கள். அங்கே கடலோரக் காற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்துப் பிரான்ஸுக்கு அனுப்பி அளந்தார்கள்! லடாக்கின் ஹான்லே, அந்தமானின் போர்ட் பிளேர் என மேலும் இரண்டு இடங்களிலும் இதே வேலை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் புதுச்சேரியில் மீத்தேன் குறைகிறது. தெற்கு அரைக்கோளத்துத் தூய காற்று வந்து சேர்வதே காரணம். அதே மாதங்களில் 4,500 மீட்டர் உயரத்து ஹான்லேயில் உச்சத்தைத் தொடுகிறது! சமவெளி வயல்களின் மீத்தேனை மழைமேகங்கள் மேலே தூக்கிப் போய்விடுகின்றன. ஒரே நாடு, ஒரே மழைக்காலம், நேர் எதிரான இரண்டு அளவுகள்!

நம் விவசாயிகளுக்குப் பழக்கமான காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் நீர் விட்டால் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் வரை குறைவதாக வயல் ஆய்வுகள் காட்டுகின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை எந்தப் பட்டமானாலும் சரி, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் புதைத்து வையுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த பாய்ச்சல் கொடுங்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீர்கள்.