நிலக்கடலையும் அதன் காட்டுச் சுற்றமும்

எண்ணெய் தரும் பயிர்களுள் நிலக்கடலை சிறப்பிடம் பெறுவது. ஈழத்தில் இது கச்சான் எனவும் வழங்கும். இதன் பருப்பின் நிறையில் ஏறத்தாழச் சரிபாதி எண்ணெயாகும். சிறு பருப்பு, பெரும் பருப்பு, கொடி வகை, கொத்து வகை எனப் பலவற்றைக் காண்போர் இப்பயிர் வேற்றுமை மிக்கதென்றே எண்ணுவர். ஆயின், பிறப்புரிமையியல் நோக்கில் அது வறுமையுற்ற பயிராகும். அவ்வறுமைக்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உளது.

தென்னமெரிக்காவில், பொலிவியாவின் தெற்கும் ஆர்ஜென்ரீனாவின் வடக்கும் அடங்கிய பகுதியில், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரு காட்டினங்கள் கலந்தன. ஒவ்வொன்றும் 20 நிறமூர்த்தங்களை உடையது. கலப்பின்போது நிறமூர்த்தங்கள் இரட்டித்தமையால் புதிய செடி 40 நிறமூர்த்தங்களைப் பெற்றது. அதனால் அது 20 நிறமூர்த்தங்களையுடைய தன் சுற்றத்துடன் கூடி வளமான சந்ததியைத் தருதல் அரிதாயிற்று. மேலும், நிலக்கடலை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையாலேயே விதை கொள்வது. எனவே, மிகச் சில செடிகளிலிருந்து தோன்றிய குலம், புதிய பரம்பரையலகுகளைப் புறத்தேயிருந்து பெறாமலே உலகெங்கும் பரவியது.

இல்லாத பண்பை எவராலும் தெரிந்தெடுத்தல் இயலாது. இலைப்புள்ளி நோய்க்குக் காரணமான பங்கசையும் வேர்முடிச்சுப் புழுவையும் வலிமையுடன் எதிர்க்கும் பண்பு பயிர்வகைகளில் அரிது. பொலிவியாவின் காட்டினமாகிய அரக்கிசு காடனாசியிலோ அது நிறைந்திருந்தது. 1960களில் ஐக்கிய அமெரிக்க அறிஞர் அவ்வினத்தைப் பயிருடன் கலந்தனர். பிறந்த செடி 30 நிறமூர்த்தங்களுடன் மலடாயிருந்தது. கொல்சிசீன் என்னும் பொருளினால் நிறமூர்த்தங்கள் 60 ஆக இரட்டிக்கப்பட, வளம் மீண்டது. பின்வந்த தலைமுறைகளிலிருந்து 40 நிறமூர்த்தங்களையுடைய செடிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. அதே காட்டினத்தின் பண்பை வேறொரு கலப்பு வழியாற் பெற்று, வேர்முடிச்சுப் புழுவை எதிர்க்கும் கோவான் என்னும் வகை 1999 இல் ரெக்சாசில் வெளியிடப்பட்டது.

இவ்விதைகள் ஆய்வு நிலையங்களுக்கிடையே கைமாறிப் பரவின. அரக்கிசு காடனாசியின் ஒரே சேகரிப்பிலிருந்து வந்த பரம்பரைச் செல்வம் ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா, அமெரிக்காக்கள் ஆகிய பகுதிகளின் பயிர்வகைகளிற் கலந்துள்ளமையை 2021 இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. 1992 இல் உருவான உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையை அடுத்து நாடுகள் இயற்றிய சட்டங்களால் அத்தகைய விதைப் பரிமாற்றம் பெரிதும் குன்றியதென்றும் அவ்வாய்வு எச்சரித்தது. தம் மண்ணின் செல்வத்துக்கு நாடுகள் உரிமை கோருதல் நியாயமே. ஆயினும், விதை வழங்கும் வாயில் முற்றாக அடைபடின் உரிமையுடையோரும் பயன்பெறார். நோயோ எல்லைகளை மதியாது.

ஐதராபாத்தை அடுத்த பதஞ்செருவில் 1972 இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையம் ஏறத்தாழ 15,000 நிலக்கடலை விதை மாதிரிகளைக் காத்து வருகின்றது. இத்தகைய காப்பின் அருமைக்கு ஒரு சான்று போதும். நிலக்கடலையை ஈன்ற இரு காட்டினங்களுள் ஒன்றாகிய அரக்கிசு இப்பயென்சிசு பொலிவியாவில் ஒரேயோர் இடத்திலிருந்தே சேகரிக்கப்பட்டது. அவ்விதை காக்கப்பட்டிருந்தமையாலேயே ஈன்றோர் இரண்டினதும் பரம்பரைத் தொகுதிகளை 2016 இல் அறிஞர் வெளியிட முடிந்தது. அன்று ஒருவர் ஒரு பிடி விதையைச் சேர்த்து வைத்திராவிடின், பயிரின் தாயகத்தை அறியும் வழியொன்றும் அதனோடு மறைந்திருக்கும்.