மேடை வாசல்காரர்

லண்டன் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குகளில் முன்வாசல் ரசிகர்களுக்கானது. பக்கத்திலோ பின்பக்கத்திலோ இன்னொரு வாசல் உண்டு. பெயர், ‘ஸ்டேஜ் டோர்’, அதாவது மேடை வாசல். நடிகர், வாத்தியக்காரர், ஒப்பனைக்காரர் எல்லோருக்கும் அதுதான் வழி.

உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன அறை. அதில் வாசல்காரர். பின்னால் வரிசையாகச் சாவிகள், ரசிகர் கடிதங்கள், வாடத் தொடங்கிய பூங்கொத்துகள். முன்னால் கையெழுத்துத் தாள். விஷயமே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

நாடகம் இரவு 7.30 மணிக்கு என்றால், 6.55-க்குள் நடிகர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே ‘ஹாஃப்’, அதாவது அரை மணி என்று பெயர். 35 நிமிடம் எப்படி அரை மணி ஆகும் என்கிறீர்களா? முதல் காட்சி நடிகர்களை 7.25-க்கே மேடைக்கு அழைத்துவிடுவார்கள். கணக்கு அங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. தாளில் ஒரு பெயருக்கு எதிரே காலியாக இருந்தால், உடனே தொலைபேசி அழைப்பு பறக்கும். மாற்று நடிகர் தயாராவார். தீப்பிடித்தால் உள்ளே யார் யார் என்று சரிபார்க்கவும் அதே தாள்தான்.

ஆட்டோகிராப் கேட்டு முண்டியடிக்கும் கூட்டத்தைச் சமாளிப்பது, வேண்டாத ஆளை நயமாகத் திருப்பி அனுப்புவது, இதெல்லாம் வாசல்காரருக்குத் தனி வேலை. கைதட்டல் மட்டும் இவர் பக்கம் வருவதில்லை.

நேயர்களே, அடுத்த முறை நாடகம் பார்க்கப் போனால், கலைஞர்கள் பட்டியலில் வாசலில் இருப்பவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.