மன்னார்குடியில் ஏறினால் எங்கே இறங்குவது?

மன்னார்குடி ரயில் நிலையத்திலிருந்து இரவில் இரண்டு வண்டிகள் புறப்படுகின்றன. மன்னை எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது. செம்மொழி எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, திருப்பூர் வழியாகக் கோவைக்குப் போகிறது. பல பத்தாண்டுகளாக ரயிலே இல்லாமல் இருந்த இந்த ஊருக்கு 2011-ல்தான் மறுபடி தண்டவாளம் வந்தது. வந்த உடனேயே அது ஆள் ஏற்றிப் போகும் பாதையாகிவிட்டது. பொங்கலும் தீபாவளியும் முடிந்த கையோடு செம்மொழியின் பொதுப் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. மறுநாள் காலை பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் பைகளின் மேல் உட்கார்ந்தபடியே திருப்பூர் வரை போவார்கள்.

ஆறும் வாய்க்காலும் ஓடி, மூன்று போகம் நெல் கண்ட மண்ணை விட்டு எதற்குப் போக வேண்டும்? வானம் பார்த்த பூமியிலிருந்து ஜனங்கள் கிளம்புவது எல்லோருக்கும் புரிகிறது. காவிரி டெல்டாக்காரர்கள் கிளம்புவதை விளக்கத்தான் இரண்டு மூன்று தலைமுறைக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. குறுவைக்காக ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. எட்டு வருஷம் என்பது ஒரு பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாவது முடித்து வெளியே வருவதற்கும் அதிகமான காலம். அவன் வளர்ந்த வருஷங்களில் அப்பா குறுவை சாகுபடி செய்து அவன் பார்த்ததே அரிது. 2020-ல் ஜூன் 12-லேயே மறுபடி திறந்தார்கள், அதற்குள் அவன் வேறு ஊரில் சம்பளக்காரன். கடைமடையில் இன்னும் மோசம். அணை திறந்தும் வாய்க்காலின் வாலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், சில வருஷம் வந்தே சேராது. இதற்கு நடுவில் 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தெம்பில்லாத வீடுகளின் பிள்ளைகள் வெளியே கிளம்பினார்கள்.

தண்ணீரைவிடப் பழைய காரணம் ஒன்று உண்டு. நிலம் யாருடையது என்பதே அது. டெல்டாவில் வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதார்கள் ஒரு பக்கம், ஒரு மா நிலம்கூடச் சொந்தமில்லாத பண்ணையாட்கள் மறுபக்கம். பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-ல் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. கூலி உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தலித் தெருவிலிருந்து திருப்பூருக்கு வண்டி ஏறும் இளைஞனின் கணக்கில் சம்பளம் மட்டும் இருப்பதாக நினைப்பது தவறு. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்காமல் தையல் மெஷின் முன் உட்கார வைக்கும் ஓர் ஊர் அவனுக்கு வேண்டியிருக்கிறது. திருப்பூர் சமத்துவபுரி அல்ல, அங்கேயும் வாடகைக்கு வீடு தேடும்போது சாதி எட்டிப் பார்க்கும். ஆனாலும் பிறந்த ஊரில் அவனுடைய அப்பா நின்ற இடத்தில் அவன் நிற்க வேண்டியதில்லை. அறுவடை இயந்திரம் வந்து அறுப்புக் கூலியும் போன பிறகு, ஊரில் இருக்கச் சொல்வதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

நிலம் வைத்திருந்தவர்களும் போனார்கள் என்பதுதான் டெல்டாவின் விசேஷம். சொல்லப்போனால் அவர்கள் முன்னதாகவே போனார்கள். கும்பகோணத்தை அடுத்த திப்பிராஜபுரத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர்கள் சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014-ல் தமிழ் பிராமணர்கள் குறித்து ஒரு நூல் வெளியிட்டார்கள். நிலம் வைத்திருந்த பிராமணர்களின் அக்ரஹாரங்கள் காலியாகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, ஆங்கிலப் படிப்பையும் சர்க்கார் உத்தியோகத்தையும் தேடி என்கிறது அவர்களுடைய ஆய்வு. இட ஒதுக்கீடு வந்துதான் ஊரைவிட்டுக் கிளப்பியது என்று பிற்காலத்தில் சொல்லப்பட்ட கதையை இந்தக் காலக்கணக்கோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் இடையே 1860-களின் தொடக்கத்திலேயே ரயில் ஓடியது. கும்பகோணத்தில் 1854-ல் தொடங்கிய பள்ளி 1867-ல் கல்லூரியானது. படிக்க இடமும் போக வண்டியும் கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள்.

சரி, போவதென்று முடிவாகிவிட்டது. எந்த ஊருக்குப் போவது?

ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய எர்ன்ஸ்ட் ராவன்ஸ்டைன் என்ற நிலப்பட நிபுணர், பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து 1885-ல் இடப்பெயர்ச்சியின் விதிகளை எழுதினார். பெரும்பாலோர் கிட்டத்தில்தான் நகர்கிறார்கள். தொலைதூரம் போகிறவர்கள் பெரிய வணிக, தொழில் நகரங்களை நோக்கிப் போகிறார்கள். ஒரு திசையில் ஓட்டம் இருந்தால் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கும். குறைந்த தூரத்துக்கு ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம் மாறுகிறார்கள். கடைசி விதிக்கு நம் ஊரில் கல்யாணம் என்று பெயர். வலங்கைமானிலிருந்து நீடாமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண்ணை யாரும் புலம்பெயர்ந்தவள் என்று சொல்வதில்லை. ஆனால் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம் மாறிய பெண்கள் சொல்லும் முதல் காரணம் திருமணம்தான்.

ராவன்ஸ்டைன் திசையைச் சொன்னார். அந்தத் திசையில் போகிறவர் எந்தத் தெருவில் போய் நிற்பார் என்பதற்குக் கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ஒருவரின் வாழ்க்கை நல்ல சாட்சி. சீனிவாச ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனமில்லாமல் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், இந்தப் பிள்ளையைத் தாலுகா கச்சேரியில் போட்டு வீணாக்கக் கூடாது என்று சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். சென்னையில் இருந்தவர் சேஷு ஐயர். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர், பிறகு மாநிலக் கல்லூரிக்கு வந்துவிட்டவர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமானார். 1912-ல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர், முன்பு திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் கணக்கு வாத்தியார்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் ராமானுஜனுக்கு சென்னை வெறும் பெரிய ஊராகத்தான் இருந்திருக்கும். 1914 மார்ச் 17-ல் நெவாசா கப்பலில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். கேம்பிரிட்ஜில் கணக்குக்குக் குறைவில்லை, கணித அறிஞர் ஹார்டி பக்கத்திலேயே இருந்தார். ஆனால் குளிர், உலகப் போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு, சமைத்துப் போட ஆளில்லை. 1917-ல் படுத்தவர், 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வேலைக்கு ஏற்ற ஊரும் உடம்புக்கு ஏற்ற ஊரும் அவருக்கு ஒன்றாக அமையவில்லை. தொலைதூர நகரங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை.

ராமானுஜன் ஒருவருக்கு நடந்தது ஊர் ஊராகவும் நடந்தது. நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக இந்தக் கடலில் ஓடியது. பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-ல் வங்கக் கடலில் அது தீப்பிடித்து உயிர்கள் போனதோடு கப்பல் பயணமும் ஓய்ந்தது. நாகூர்க்காரர்கள் அதற்கு வெகு முன்பே போனவர்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கிலேயே நாகூர் தர்காவின் சாயலில் ஒரு தர்கா எழும்பிவிட்டது. அதன் பிறகு கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டையிலிருந்து கடல் கடந்து பிழைக்கப் போன சபராளிகள் யாரும் முகம் தெரியாத ஊரில் போய் இறங்கவில்லை. பம்பாய் மாட்டுங்காவும் இப்படித்தான். முதலில் போனவர் அறை எடுப்பார், அடுத்து வருகிறவர் அந்த அறையில் பாய் விரிப்பார், பிறகு மெஸ், கோயில், 1932-ல் பள்ளி நடத்த ஒரு தென்னிந்தியக் கல்விச் சங்கம்.

உலக நகரங்களுக்கு வருஷாவருஷம் தரவரிசை போடுகிறார்கள். பாதுகாப்பு, மருத்துவம், கல்வி, பண்பாடு, உள்கட்டமைப்பு என்று மதிப்பெண் கூட்டினால் வியன்னா அடிக்கடி முதலில் வரும். மத்திய அரசின் வாழ்வதற்கு எளிய நகரங்கள் பட்டியலில் 2018-ல் புனே முதலிடம், 2020-ல் பெரிய நகரங்களில் பெங்களூரு. எல்லாம் தேவையான அளவுகோல்கள்தான். ஆனால் டெல்டாக்காரர் கேட்கிற இரண்டு கேள்விகளுக்கு அந்தப் பட்டியல்களில் கட்டம் இல்லை. அங்கே நம்ம ஊர்க்காரர் யார் இருக்கிறார்? ஊரில் ஒரு சாவு என்றால் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரலாம்?

இரண்டாவது கேள்விதான் இன்று திருச்சியை வளர்த்துக்கொண்டிருக்கிறது. நாகப்பட்டினம் துறைமுகம் செய்த வேலையைத் திருச்சி விமான நிலையம் எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நேரடி விமானம். 2024-ல் புதிய முனையமும் திறந்தாயிற்று. துபாயில் சம்பாதிக்கிறவர் மனைவி மக்களைக் கிராமத்திலும் வைப்பதில்லை, சென்னைக்கும் அனுப்புவதில்லை. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ மனை வாங்கி வீடு கட்டுகிறார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பெற்றோருக்கு ஆஸ்பத்திரி, தனக்கு விமானம். தஞ்சாவூர் 55 கிலோமீட்டர்தான், நாற்றங்காலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம். நடுத்தர நகரங்கள் நன்றாக இருந்தால் ஜனங்கள் பெருநகரத்துக்கு ஓட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். 2014-ல் தஞ்சாவூரும் 2021-ல் கும்பகோணமும் மாநகராட்சியாகிவிட்டன. பெயர்ப் பலகை மாறிய வேகத்தில் சாக்கடையும் பேருந்தும் வேலைவாய்ப்பும் வர வேண்டும்.

இந்த மண்ணே ஒரு காலத்தில் எல்லோரும் தேடி வந்த இடம்தான். மராத்தியர்கள் 1670-களில் வந்து அரசாண்டார்கள். சௌராஷ்டிர நெசவாளர்கள் தறியோடு வந்தார்கள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து படையெடுப்புக்கு அஞ்சி, தங்கக் காமாட்சியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தக் குடும்பம் கடைசியில் நிலைத்தது தஞ்சாவூரில். மேலவீதியில் பங்காரு காமாட்சி இன்றும் இருக்கிறாள். 1855-ல் ராஜ வம்சத்துக்கு ஆண் வாரிசு இல்லையென்று கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. ஆதரிக்க அரண்மனை இல்லாமல் போனதும் பாட்டும் பரதமும் சென்னைக்கு வண்டி ஏறின.

இப்போது எதிர் ஓட்டம் மறுபடி தொடங்கியிருக்கிறது. நடவுக் காலத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆட்கள் கயிறு கட்டி வரிசையாக நாற்று நடுகிறார்கள். அவர்களும் நெல் நாட்டுக்காரர்கள், சேறு பழகிய கால்கள். அவர்களும் எந்தத் தரவரிசையும் பார்த்து வரவில்லை. முந்தைய வருஷம் வந்து போன ஒருவர் சொல்லி, ஒரு மேஸ்திரி கூட்டி வந்து சேர்ந்தவர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, பம்ப்செட் கொட்டகையிலும் சமுதாயக் கூடத்திலும் தங்கிச் சமைத்துக்கொள்கிறார்கள். தலைமுறைகளாக நடவு நட்ட உள்ளூர்ப் பெண்கள் தங்கள் வேலை போகிறது என்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் விவசாயிகள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பதிவு செய்யவும் தங்குமிடம் தரவும் 1979-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 முதல் தமிழ்நாடும் இருக்கிறது. மேஸ்திரியின் கையில் போகிற பணத்தில் நட்டவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று ஊராட்சியும் வேளாண் துறையும் நடவு தொடங்கும்போதே வரப்பில் வந்து நின்று கேட்கலாம். உள்ளூர்ப் பெண்ணுக்கும் வங்காளத்து ஆளுக்கும் ஏக்கருக்கு ஒரே கூலி என்று எழுதி வைக்கலாம். பினாங்கிலும் திருப்பூரிலும் தன் பிள்ளைகளுக்கு எதைக் கேட்டதோ அதைத்தான் டெல்டா தன் வயலில் இறங்குகிறவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த குறுவைக்கு மேட்டூர் திறப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு தொடங்கிவிட வேண்டும்.