நெருக்கு முறையின் இலாபமும் நட்டமும்

கால்பந்தாட்டத்தில் பந்தை இழந்த அணி என்ன செய்யலாம்? தன் கோலை நோக்கிப் பின்வாங்கி அரண் அமைக்கலாம். அல்லது இழந்த இடத்திலேயே எதிரணியைச் சூழ்ந்து பந்தை உடனே மீட்கலாம். 1974 உலகக் கோப்பையில் ரைனஸ் மிக்கல்ஸ் பயிற்றுவித்த நெதர்லாந்து அணி இரண்டாவது வழியைத் திறம்படக் கையாண்டது. இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 1-2 எனத் தோற்றபோதிலும் அந்த முறை மறையவில்லை. இதனைப் 'பிரெஸ்ஸிங்' என்பர். நாம் நெருக்கு முறை எனலாம்.

இதன் வலிமை ஓர் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். ஓர் அணியின் பின்வரிசையினர் தம் கோலிலிருந்து 40 மீட்டர் முன்னேறி ஒரே கோட்டில் நிற்பதாகக் கொள்வோம். எதிரணியினர் அக்கோட்டுக்கு அப்பால் காத்து நின்று பந்தைப் பெற 'ஆஃப்சைடு' விதி இடம் தராது. முன்வரிசையினர் 75 மீட்டர் தொலைவில் நின்றால், ஆட்டம் 35 மீட்டர் நீளப் பட்டைக்குள் சுருங்கிவிடும். அதன் பரப்பு 2,380 சதுர மீட்டர். அதாவது சரியாக மூன்றில் ஒரு பங்கு! பந்தை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கவும் எதிரணிக்கு அவகாசம் கிடைப்பதில்லை. பறித்த பந்தும் அவர்களின் கோலுக்கு அருகிலேயே கிடைக்கிறது.

2024 அக்டோபர் 26 அன்று ஹான்சி ஃபிளிக் பயிற்றுவித்த பார்சிலோனா அணி, ரியல் மாட்ரிட் அணியை 4-0 என வென்றது. அன்று ரியல் மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் சிக்கியது. அவற்றுள் 8 முறை சிக்கியவர் எம்பாப்பே.

ஆனால் பின்வரிசைக்குப் பின்னால் 40 மீட்டர் வெற்றிடம் இருப்பதை மறக்கலாகாது. பந்து உதைக்கப்படும் கணத்தில் கோட்டுக்கு உட்புறம் இருந்தால் போதும். அதன் பின் அதனைத் தாண்டி ஓடுவது குற்றமன்று. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் வீரரைத் துரத்த, நின்ற இடத்திலிருந்து திரும்பி ஓடத் தொடங்கும் காப்பாளர் முதல் விநாடியில் அதில் பாதித் தூரம் கடப்பதே அரிது. நெருக்குவோரில் ஒருவர் தாமதித்தாலும் பந்து அவ்வழியே வெளியேறிவிடும்.

இன்னொரு குறை உடலைச் சார்ந்தது. திடீர்ப் பாய்ச்சலுக்குத் தசைகளில் உள்ள கிரியாட்டின் பாஸ்பேட் உடனடி ஆற்றல் தருகிறது. அது சில விநாடிகளில் பெருமளவு குறைந்துவிடும். மீண்டும் நிரம்பச் சில நிமிடங்களாகும். 90 நிமிடமும் ஓயாது நெருக்க எவராலும் இயலாது.

2025 மே 6 அன்று மிலான் நகரில் இன்டர் அணி இக்குறையைப் பயன்படுத்தியது. 21ஆம் நிமிடத்தில் டிமார்கோ பந்தைப் பறித்து, பின்வரிசையைக் கடந்து ஓடிய டம்ஃபிரீஸுக்கு அனுப்பினார். அவர் தந்த பந்தை லவுத்தாரோ கோலாக்கினார். கூடுதல் நேரம் வரை நீண்ட அவ்வாட்டத்தில் பார்சிலோனா 3-4 எனத் தோற்று, சாம்பியன்ஸ் லீக் போட்டியிலிருந்து வெளியேறியது. எனினும் அதே பருவத்தில் ஸ்பெயின் லீக் பட்டமும் அரசர் கோப்பையும் அதற்கே கிடைத்தன.

அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தை மட்டும் பாராமல், பின்வரிசை எங்கே நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். முன்வரிசை களைத்த பிறகும் அக்கோடு பின்வாங்காமல் இருந்தால், ஆபத்து நெருங்குகிறது என அறியலாம்.