கவலையும் பசியும்

கவலை வந்தால் ஒரு கவளம் சோறு இறங்காது என்பார்கள். ஆனால், ஆண்டுக்கணக்காகக் கவலையைச் சுமப்பவர் பலருக்கு உடல் பருத்துக்கொண்டே போவதையும் காண்கிறோம். இரண்டும் மெய்யே.

திடீரென அதிர்ச்சி நேரும்போது அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு விரைகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது, பசி அடங்குகிறது. ஆபத்து நீங்கியதும் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்காவிடில், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. துன்பம் எவ்வகையினதாயினும் அச்சுரப்பிகள் பெருப்பதை, 1936-இல் ஹான்ஸ் செல்யே எலிகளிடம் ஆராய்ந்து எடுத்துக்காட்டினார்.

கார்ட்டிசாலின் பணி உடலுக்கு எரிபொருள் தேடித் தருவது. கல்லீரலைச் சர்க்கரை ஆக்கும்படி ஏவுகிறது, பசியையும் தூண்டுகிறது. அப்பசி கீரையையும் மோரையும் நாடுவதில்லை. இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையுமே நாடுகிறது. உண்டதும் மனம் சற்று அமைதியுறுவதால், கை மீண்டும் டப்பாவுக்கே போகிறது. நான் பணியாற்றிய வங்கிக் கிளையில், மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில் பஜ்ஜியும் ஜாங்கிரியும் தட்டுத் தட்டாகத் தீர்ந்துபோகும். வாழைப்பழச் சீப்பு அப்படியே கிடக்கும்! எல்லார்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. கவலையில் மெலிபவரும் உண்டு.

சேரும் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றையே தேர்கிறது. உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பில் கார்ட்டிசாலை ஏற்கும் ஏற்பிகள் மிகுதி. இந்தியருள் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைக் கடந்தால் நீரிழிவு, இதயநோய் அபாயம் மிகும்.

படுக்கையில் கிடக்கும் கணவரை இரவும் பகலும் பேணும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கார்ட்டிசால் இயல்பாக விடியலில் உயர்ந்து, நள்ளிரவில் தாழ வேண்டியது. உறக்கம் கெட்டால் அவ்வொழுங்கு குலைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடவும், போதுமென்று உணர்த்தும் லெப்டின் குறையவும் கூடும். அந்த அம்மையாரிடம், "வாயைக் கட்டுங்கள்" என்று மட்டும் சொல்வது அநியாயம். வாரத்தில் இரண்டு இரவேனும் அவர் நிம்மதியாக உறங்க, பிள்ளைகளில் ஒருவர் முறை மாற்றிக்கொள்ள முன்வருவதே முதல் மருந்து என்பேன்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்க்கும் இதே பசியும், முகம் உருண்டு பருப்பதும் வரலாம். அம்மாத்திரைகள் கார்ட்டிசாலின் இனமே. பருமனுக்கு அஞ்சி அவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.