கார் ஸ்பீக்கர் மாத்தப் போறீங்களா? ஒயரை வெட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க!

புது கார் எடுத்து ஒரு மாதம் ஆனதும் பலருக்கும் வரும் முதல் குறை மைலேஜ் பற்றியது இல்லை, பாட்டு பற்றியது. வால்யூமை பாதிக்கு மேல் வைத்தால் ஸ்பீக்கர் கரகரக்கிறது. இளையராஜா பாட்டில் வரும் பேஸ் கிட்டார் எங்கே போனது என்றே தெரியவில்லை. கதவு மட்டும் தடதடவென ஆடுகிறது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரியான கார் அக்சஸரீஸ் ஏரியாவுக்குப் போனால், "ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஆம்ப், பேஸ் டியூப் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் சார், ரெண்டு மணி நேரத்துல மாட்டிடலாம்" என்பார்கள். அந்த ரெண்டு மணி நேரத்தில் உங்கள் காரின் ஒயரிங், வாரன்டி, ஏன் ஏர்பேக் வரை பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. எதை மாற்றினால் நிஜமாகவே பாட்டு நன்றாகக் கேட்கும்? எதில் காசு வீண்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

கம்பெனி ஸ்பீக்கர் ஏன் இப்படி இருக்கு?

குறைந்த விலை கார்களில் வரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் பேப்பர் கோன், சிறிய காந்தம், பிளாஸ்டிக் ஃபிரேம் கொண்டவை. செலவையும் எடையையும் குறைக்க கம்பெனி எடுக்கும் முடிவு அது. பேஸ் வேரியன்ட் என்றால் சில கார்களில் ஸ்பீக்கரே இருக்காது. ஒயர் மட்டும் விட்டிருப்பார்கள்.

ஆனால் குற்றவாளி ஸ்பீக்கர் மட்டும் இல்லை. கார் கதவும்தான்! கதவின் உள்பக்க தகட்டில் நிறைய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கம் போகும் ஒலி அந்த ஓட்டைகள் வழியாக முன்பக்கம் வந்து, முன்பக்க ஒலியோடு மோதுகிறது. இரண்டும் எதிரெதிர் திசையில் இயங்குவதால் பேஸ் ஒலி ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால்தான் விலை உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டிய பிறகும், "பேஸ் வரலையே" என்று சிலர் புலம்புகிறார்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் உண்மையா?

ஸ்டீரியோ பெட்டியில் "50 வாட்ஸ் x 4" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எட்டக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய அளவுக்கு 'ஆர்எம்எஸ்' என்று பெயர். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சின்ன கணக்கு ஒன்று. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை பொதுவாக 4 ஓம். இதை வைத்துக் கணக்குப் போட்டால், தனி ஆம்ப் இல்லாத ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு சுத்தமாகத் தரக்கூடியது அதிகபட்சம் 26 வாட்ஸ். நடைமுறையில் 20-ஐ ஒட்டித்தான் வரும். அப்புறம் 50 வாட்ஸ் எங்கிருந்து வரும்?

இன்னொரு விஷயம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். நம் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ் தேவை.

அதனால் ஸ்பீக்கர் வாங்கும்போது 'சென்சிடிவிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள். 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப் பவரை இரண்டு மடங்காக்கிய பலன் அப்படியே கிடைக்கும். ஆம்ப் போடாதவர்களுக்கு இதுதான் முக்கியமான எண்.

ஆம்ப் வாங்குபவர்கள் 'சிஇஏ 2006' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் போகாத ஒலிச்சிதைவு என்ற ஒரே அளவுகோலில் சோதித்த வாட்ஸ் அது.

எதை முதலில் மாத்தணும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இந்த வரிசையில் போனால் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் படி, செலவே இல்லாதது. மொபைல் ஆப்பில் ஆடியோ குவாலிட்டி 'டேட்டா சேவர்' நிலையில் இருக்கிறதா பாருங்கள். ப்ளூடூத்தில் கேட்கும்போது மொபைல் வால்யூமை முழுமையாக வைத்து, ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். ஈக்வலைசரில் பேஸை முழுசாக ஏற்றி வைத்திருந்தால் இறக்குங்கள். பாதி கரகரப்பு அங்கேயே போய்விடலாம்.

இரண்டாவது, முன்பக்க ஸ்பீக்கர். ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் கேட்பது அதைத்தான். பின்னால் உள்ள ஸ்பீக்கர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'கோஆக்ஸியல்' என்றால் ஒரே ஸ்பீக்கரின் நடுவில் ட்வீட்டரும் இருக்கும், மாட்டுவது சுலபம். 'காம்போனென்ட்' என்றால் ட்வீட்டர் தனி, பெரிய ஸ்பீக்கர் தனி, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துத் தர கிராஸ்ஓவர் தனி. ட்வீட்டர் காது உயரத்துக்கு அருகில் வருவதால் பாடகர் குரல் காலடியில் இருந்து வராமல் டேஷ்போர்டு பக்கமிருந்து வருவது போல் கேட்கும். உங்கள் காரில் ட்வீட்டருக்கு ஏற்கெனவே இடம் இருந்தால் காம்போனென்ட் நல்ல தேர்வு.

மூன்றாவது, கதவுக்கு டேம்பிங் ஷீட். பியூட்டைல் ரப்பரும் அலுமினியத் தாளும் சேர்ந்த ஷீட் இது. கதவுத் தகட்டில் ஒட்டினால் அதிர்வு குறையும், ஓட்டைகளை மூடினால் பேஸ் திரும்பி வரும். ரோட்டுச் சத்தமும் கொஞ்சம் குறையும். ஒன்றில் கவனம் தேவை. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேற சிறு துளைகள் இருக்கும். அதை மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி துருப்பிடிக்கும்.

நான்காவது ஆம்ப், ஐந்தாவது சப்வூஃபர். பூட் இடத்தை விட்டுக்கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்வூஃபர் போதும். உறுமி, தவில் சத்தம் நெஞ்சில் இடிக்கணும் என்றால் பெட்டியோடு வரும் 10 அல்லது 12 இன்ச் சப்வூஃபர்தான் வழி.

பலர் முதலில் மாற்றும் ஸ்டீரியோவை நாம் கடைசியில்கூட சொல்லவில்லை. காரணம் இருக்கு. இப்போதைய கார்களில் ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், சில கார்களில் செட்டிங்ஸ் வரை அந்தத் திரையோடு இணைக்கப்பட்டிருக்கும். கம்பெனி ஸ்டீரியோவை வைத்துக்கொண்டே, ஸ்பீக்கர் ஒயரில் இருந்து நேரடியாக ஒலியை எடுக்கும் 'ஹை லெவல் இன்புட்' வசதியுள்ள ஆம்ப் போட முடியும்.

ஆம்ப் போடுறவங்க கட்டாயம் கவனிக்க வேண்டியது

காரின் இரண்டு ஹெட்லைட்டும் லோ பீமில் எரிய சுமார் 8 ஆம்பியர் மின்சாரம் போதும். 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் ஆம்ப் முழு வேகத்தில் ஓடினால் 28 ஆம்பியர் வரை இழுக்கும். இதற்கு பேட்டரியில் இருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். இருக்கும் ஒயரில் முறுக்கி டேப் சுற்றுவது ஆபத்து.

அந்த ஒயரில் பேட்டரியில் இருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பில்தான் ஃபியூஸ் இருக்கே என்பார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும், காரைக் காப்பாற்றாது. பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவில் எங்காவது ஒயர் தோல் உரிந்து தகட்டைத் தொட்டால், பேட்டரி அருகே உள்ள ஃபியூஸ் மட்டுமே தீயைத் தடுக்கும்.

ஒயரிலும் ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் விலை குறைவு, ஆனால் செம்பு அளவுக்கு மின்சாரம் கடத்தாது. முனையில் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு ஒயர் இல்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் பாட்டு கேட்காதீர்கள். பல சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தாலே மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட காலி. அப்புறம் தள்ளு வண்டிதான்.

மஞ்சள் கப்ளரைத் தொடாதீங்க!

காரில் மஞ்சள் நிற கப்ளர் அல்லது மஞ்சள் உறை போட்ட ஒயர் பார்த்தால் அது ஏர்பேக் இணைப்பு. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் இது முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். சப்வூஃபர் வைக்க இடம் வேண்டும் என்று இதைக் கழற்றவோ நசுக்கவோ விடக்கூடாது. அதேபோல் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் கண்ணாடி ஓரத் தூணில் துளை போட்டு ட்வீட்டர் மாட்ட வேண்டாம். விபத்தின்போது ஏர்பேக் அந்த வழியாகத்தான் விரியும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே போக வேண்டாம். அது உயர் மின்னழுத்த ஒயர்.

வாரன்டி, இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

ஸ்பீக்கரை மாற்றினாலே கார் வாரன்டி மொத்தமும் போய்விடும் என்பது சரியல்ல. ஆனால் ஒயரை வெட்டி இணைத்த பிறகு மின்சாரக் கோளாறு வந்தால், அந்தப் பகுதிக்கான வாரன்டியை கம்பெனி மறுக்க முடியும். உங்கள் கார் மாடலுக்கான 'பிளக் அண்ட் பிளே' கப்ளர் கேட்டு வாங்குங்கள். ஒரு ஒயரையும் வெட்டாமல் மாட்டலாம், காரை விற்கும்போது கழற்றி பழையதை மாட்டிவிடலாம். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரை கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வெளியில் போட்ட எலெக்ட்ரானிக் பொருட்கள் சாதாரண பாலிசியில் தானாகச் சேராது. 'ஐஎம்டி 24' என்ற இணைப்பின் கீழ் பில்லோடு அறிவித்து, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். சொல்லாமல் விட்டால் திருட்டிலோ விபத்திலோ அந்தப் பொருளுக்குப் பணம் கிடைக்காது. அதனால் பில் வாங்காமல் வராதீர்கள்.

சத்தமா வச்சா போலீஸ் பிடிக்குமா?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் தான் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. பூட்டைத் திறந்து வைத்து தெருவே அதிர வைத்தால் புகார் வர வாய்ப்பு அதிகம்.

போலீஸை விட காது முக்கியம். உலக சுகாதார அமைப்பின் அளவுகோல்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரன் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் வால்யூம் அதிகம் என்று அர்த்தம்.

கடையில் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. என் கார் மாடலுக்கு கப்ளர் இருக்கா, இல்ல ஒயரை வெட்டுவீங்களா?
2. இதுல ஆர்எம்எஸ் எவ்வளவு வாட்ஸ்?
3. ஆம்ப் ஒயர் முழுச் செம்பா? பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் போடுவீங்களா?
4. சீட்டுக்கு அடியில, கதவுல ஏர்பேக் ஒயர் எதையாவது தொடுவீங்களா?
5. மாட்டி முடிச்சதும் ஆம்ப் கெயினை என் முன்னாடி செட் பண்ணுவீங்களா?
6. ஜிஎஸ்டி பில்லும் வாரன்டி கார்டும் கிடைக்குமா?

இதில் ஐந்தாவது கேள்வியைச் சும்மா நினைக்காதீர்கள். கெயின் என்பது வால்யூம் பட்டன் இல்லை. அதை முழுசாக ஏற்றிவிட்டால் ஒலி அலை உடைந்து, முதலில் எரிந்து போவது ட்வீட்டர்தான்.

இந்த ஆறுக்கும் நேராகப் பதில் சொல்லும் கடையில் வண்டியை விடலாம். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் சார்" என்று மட்டும் பதில் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவது நல்லது.